அம்மாவின் கால்விரலும் இரண்டு டாக்டர்களும்

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அம்மாவின் வலது காலில் கட்டைவிரல் அடியிலிருந்த எலும்பு பாக்கு அளவுக்குப் புடைத்துக்கொண்டு நின்றது. விரலோ பக்கத்து விரல்மேல் சாய்ந்து படுத்துவிட்டது. ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத்தறிகள். ஒன்றில் அப்பா நெய்வார், மற்றதில் அம்மா. தறியை மிதிக்கும்போதெல்லாம் அம்மா உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

அப்பா முதலில் ஊரிலேயே பேர்பெற்ற எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். அவர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சின்ன ஆபரேஷன்தாங்க. மூணே நாள்ல நடந்துடுவாங்க. விரல் ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா நிக்கும்."

அப்பாவுக்கு அங்கேயே பாதி வலி தீர்ந்துவிட்டது. அம்மாதான் இன்னொருவரையும் பார்த்துவிடலாம் என்றாள்.

வேலூரில் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். அம்மாவை வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். பிறகு குனிந்து உட்கார்ந்து விரலை அசைத்து அசைத்துப் பார்த்தார். எந்தக் காலால் தறி மிதிக்கிறீர்கள், எத்தனை வயதிலிருந்து என்று கேட்டார். பன்னிரண்டு வயதிலிருந்து என்றாள் அம்மா.

"வலி நல்லா குறையும். ஆனா விரல் முழுசா நேராயிடும்னு நான் சொல்ல மாட்டேன். மறுபடி வந்தாலும் வரலாம். ஆறு வாரம் தறிப்பக்கமே போகக் கூடாது. வீக்கம் வடிய மாசக்கணக்காகும்."

திரும்பும் பேருந்தில் அப்பா பொருமினார். "இன்னாமே இது, ஒரே பேஜாரா கீது. நம்ம ஊரு டாக்டரு எவ்ளோ தைரியமா சொன்னாரு. இந்தம்மா பயமுறுத்திகினே இருக்காங்க."

"அவரு என் காலைத் தொடவே இல்லீங்க" என்றாள் அம்மா.

எனக்கு அப்பா சொன்னதுதான் சரியென்று பட்டது. எங்கள் வகுப்பில் தெரியாது என்பவனுக்கு அடி விழும். தெரியாது, சொல்ல முடியாது என்றே பேசிய டாக்டரை அம்மா ஏன் பிடித்துக்கொண்டாள்?

வேலூரிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப்போட்ட காலை இரண்டு தலையணைமேல் வைத்து அம்மா படுத்திருந்தாள். கழிவறைக்குப் போகமட்டும் ஆஸ்பத்திரியில் கொடுத்த தட்டையான கனத்த செருப்பைப் போட்டுக்கொண்டு குதிகாலால் நடந்தாள். அப்பா சமைத்தார், நெய்தார், என் தலையைக் கோணலாகப் பின்னிவிட்டார். முதல் வாரம் அம்மா வலியில் முனகினாள். பிறகு முனகல் நின்றது.

ஆறாவது வாரம் டாக்டரிடம் போகவேண்டிய காலையில், கொல்லையில் அம்மாவைப் பார்த்தேன். வெறுங்காலோடு நுனிவிரலில் எக்கி நின்று கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் வலியே இல்லை.

வேலூரில் அப்பா புது எக்ஸ்ரேவை வாங்கக் கவுன்டருக்குப் போயிருந்தார். டாக்டர் விரலை அழுத்தினார்.

"வலிக்குதா?"

"வலிக்குதுங்க."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"வீட்ல யார் சமைக்கறாங்க?"

"அவருதாங்க. தறியும் அவரே பார்த்துக்கறாரு."

"நீங்க இதுக்கு முன்னாடி எப்போ ரெஸ்ட் எடுத்தீங்க?"

அம்மா யோசித்தாள். "இவ பொறந்தப்போ. பதினைஞ்சு நாளு."

அப்பா எக்ஸ்ரேவோடு உள்ளே வந்தார். டாக்டர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா கூடிகிட்டு வருது. இருந்தாலும் இன்னும் ரெண்டு வாரம் தறி வேண்டாம்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையாட்டினார்.

அம்மா பொய் சொன்னாள். அது பொய் என்று டாக்டருக்குத் தெரிந்துவிட்டதென்றே எனக்குத் தோன்றியது. ஆனால் திட்டவில்லை. திரும்பும் பேருந்தில் நான் டாக்டர் எழுதித் தந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். வலிக்குது என்று சொன்ன அம்மாவுக்கு அதில் ஒரு மாத்திரைகூட எழுதியிருக்கவில்லை. டாக்டர் மறந்துவிட்டார் போல என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.