முனிராஜ் மாட்டிய கீசர்

வேதநாயகி பிரேசர் டவுனில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆயா. பதினோரு வருடமாக அங்கேதான் வேலை. எல்கேஜி பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்க் கதவுக்கு வெளியே நிற்பது அவள் வேலைகளில் ஒன்று. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திறக்கத் தெரியாமல் அழும் பிள்ளைகளைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. சத்தமே போடாமல் உட்கார்ந்துவிடும் பிள்ளைகள்தான் அவளைப் பயமுறுத்துவார்கள். அதனால் கதவு மூடியதிலிருந்து "உள்ள இருக்கியா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பிகாம் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் தர்ஷினி குளிக்கப் போனாலும் வெளியிலிருந்து கேட்பாள். "நான் இன்னா எல்கேஜியாம்மா?" என்று மகள் உள்ளேயிருந்து எரிந்து விழுவாள்.

மற்ற இடங்களில் வேதநாயகி வாய் திறப்பது அபூர்வம். ரேஷன் கடை வரிசையில் யாராவது முன்னால் புகுந்தால் ஓரடி பின்னால் நகர்ந்து நிற்பாள். யாராவது குரலை உயர்த்தினால் அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். கணவர் மாரடைப்பில் போனபோது தர்ஷினிக்குப் பத்து வயது. ஜீவனஹள்ளியில் பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவள் யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தாள். ஒன்பது வருடமாக அதை மீறவில்லை.

முனிராஜைப் பகைத்துக்கொள்ள அந்தத் தெருவில் வேறு யாரும்கூடத் துணியமாட்டார்கள். குழாய் வேலை, கேஸ் அடுப்பு வேலை, கீசர் மாட்டுவது எல்லாம் அவர்தான். போர்வெல் வற்றிப்போகிற மாதங்களில் தண்ணீர் லாரி வந்தால் எந்த வீட்டு டிரம்முக்கு முதலில் குழாயை நீட்டுவது என்று சொல்வதும் அவர்தான். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் எதிர்த்துப் பேசினால் மறக்கமாட்டார்.

டிசம்பர் குளிர் தாங்காமல்தான் வேதநாயகி கேஸ் கீசருக்கு ஏற்பாடு செய்தாள். குளியலறை நாலடிக்கு நாலடி. மேலே இருந்த ஒரு வென்டிலேட்டர்தான் காற்று வரும் ஒரே வழி. முனிராஜ் சுவரில் ஓட்டை போட்டு, சமையலறை சிலிண்டரிலிருந்து ரப்பர் டியூபை உள்ளே இழுத்து, கீசரைக் குளியலறைக்குள்ளேயே மாட்டினார். பிறகு வென்டிலேட்டரில் பிளைவுட் பலகையை வைத்து அடைத்து, விளிம்பெல்லாம் சிமெண்ட் பூசினார்.

"காத்து வர வேணாவாண்ணா?" என்று கேட்டாள் வேதநாயகி.

"காத்து அடிச்சா தீ அணைஞ்சிடும். அப்புறம் நீதான் கம்ப்ளெயின்ட்டுன்னு வந்து நிப்பே" என்றார் அவர்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. பிறகு பல நாள், அன்றைக்கு ஏன் இன்னொரு வார்த்தை கேட்காமல் போனோம் என்று தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை காலை தர்ஷினி குளிக்கப் போனாள். வேதநாயகி சப்பாத்தி உருட்டிக்கொண்டே கேட்டாள். "இருக்கேம்மா" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். "ம்" என்றது குரல். மூன்றாவது முறை கேட்டபோது தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான்.

பிவிசி கதவைத் தோளால் இடித்தாள். நாலாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு போனது. உள்ளே புகைபோல நீராவி. வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தர்ஷினி சுவரோரம் சரிந்து கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. பார்வை இல்லை. அவளைக் கக்கத்தில் கைகொடுத்து வெளி வராந்தா வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது எப்படி என்று வேதநாயகிக்கு இன்றுவரை தெரியாது. கீழ்வீட்டு மமதா ஓடிவந்து போர்வையைப் போட்டாள். மமதாவின் கணவன் நரேஷ் ஆட்டோ பிடித்தான்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் தர்ஷினி தண்ணீர் கேட்டாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். வீட்டு கீசரைப் பற்றித்தான் விசாரித்தார்.

"கேஸ் கீசரா? ஜன்னல் இருக்கா?"

"அடைச்சிட்டாங்க மேடம்."

"உடனே வெளிய இழுத்துட்டு வந்தீங்க, பொழச்சா. அடைச்ச ரூம்ல அது எரிஞ்சா ஒரு விஷ வாயு வரும். அதுக்கு வாசனை கிடையாது. மயக்கம் வர்றதே உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாது. இனிமே அதைப் பத்த வைக்காதீங்க."

வாசனை கிடையாது என்ற அந்தச் சொல் அவளுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பாம்பு என்றால் சீறும், தீ என்றால் புகையும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு நாள் கழித்து முனிராஜ் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் பைப் அறுத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, "கீசர வெளிய மாத்திக் குடுங்கண்ணா. வென்டிலேட்டரத் தெறந்து விடுங்க" என்றாள்.

"சாப்பிடாம குளிக்கப் போனா மயக்கம் வராதா? இதுக்கெல்லாம் கீசர் இன்னா பண்ணும்?"

"டாக்டரம்மா சொன்னாங்க."

"டாக்டரா வந்து மாட்டினாங்க? இந்தத் தெருவுல மட்டும் ஒன்பது வீட்டுல இதே மாதிரி மாட்டியிருக்கேன். எவனாவது செத்தானா?" அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதப் போய் வெளிய பேசிக்கிட்டுத் திரியாதே வேதா. தண்ணி கஷ்டம் வர்ற மாசம்."

"சரிண்ணா" என்று திரும்பிவிட்டாள். மகளுக்கு அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஆனால் ஒன்பது வீடு என்று அவர் சொன்னது விடவில்லை. அந்த ஒன்பதில் கீழ்வீடும் ஒன்று. மமதாவுக்கு ஏழாவது மாதம். விடியற்காலையில் கீழேயிருந்து கீசர் பற்றும் டிக் டிக் சத்தம் கேட்டதும் வேதநாயகி படுக்கையை விட்டு எழுந்துவிடுவாள். மாடிப்படியில் பாதி இறங்கி, மமதாவின் வளையல் சத்தம் கேட்கும்வரை இருட்டில் நிற்பாள். நாலு நாள் இப்படி நின்றாள். சொன்னால் முனிராஜுக்குத் தெரிந்துவிடும் என்று பயம். சொல்லாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் என்று அதைவிடப் பயம். ஐந்தாம் நாள் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டாள்.

மமதா வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யோ அக்கா, குளிச்சிட்டு வந்தா எனக்குத் தலை சுத்துது. ரத்தம் கம்மின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

நரேஷ் நேராக முனிராஜிடம் போய்க் கேட்டுவிட்டான். அந்தச் சனிக்கிழமை லாரி வந்தது. வேதநாயகியின் இரண்டு டிரம்மையும் தாண்டிக் குழாய் அடுத்த வீட்டுக்குப் போனது. முனிராஜ் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை முனிராஜ் அவள் வீட்டுக்கு வந்தார். வேதநாயகி தர்ஷினியைச் சமையலறைக்குள் போகச் சொல்லிக் கண் காட்டினாள்.

"தெருவெல்லாம் என் பேரக் கெடுக்கறே."

"இல்லண்ணா, மமதா மாசமா இருக்குதுன்னு..."

"பேசாதே. இப்ப நானே உள்ள போறேன். கீசரப் போட்டுட்டுக் கதவ சாத்திக்கிட்டுக் கால் மணி நேரம் நிக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆவலேன்னா நீ சொன்னது பொய்யின்னு வீடு வீடாப் போயி நீயே சொல்லணும்."

"வேணாண்ணா" என்று அவள் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார். தாழ்ப்பாள் இல்லாத கதவை உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டார். கீசர் பற்றியது. தண்ணீர் விழ ஆரம்பித்தது.

"அண்ணா, இருக்கீங்களா?"

"இருக்கேன் இருக்கேன்." சிரிப்புக்கூடக் கேட்டது.

தர்ஷினி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவர் கையும் ஈரமாக இருந்தது. இவருக்கு ஏதாவது ஆனால் போலீஸ் வரும், தெரு திரளும், அவர் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்றெல்லாம் வேதநாயகிக்கு ஓடியது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் ஆனது. கூப்பிட்டாள். "தொணதொணக்காதே" என்றார். எட்டு நிமிடம். கூப்பிட்டாள். பதில் தாமதமாக வந்தது.

"ம்."

வேதநாயகி சமையலறைக்கு ஓடி ரெகுலேட்டரைத் திருகினாள். திரும்பி வந்து கதவை இழுத்தாள். எதிர்ப்பே இல்லாமல் திறந்தது. முனிராஜ் குழாயைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தாள். வராந்தாவில் உட்கார்ந்து அவர் வாந்தி எடுத்தார். தர்ஷினி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ஏன் நிறுத்தினே? டைம் ஆவலியே" என்றார் வெகுநேரம் கழித்து.

"எனக்கு பயமா இருக்குதுண்ணா. நீங்க செத்துப்போனா நான் இன்னா பண்ணுவேன்?"

அவர் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "தலை இடிக்குது. பின்னாடி வரைக்கும் இடிக்குது." பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார்: "எங்க வீட்டுல அவ இதையேதான் சொல்றா. ரெண்டு மாசமா. குளிச்சிட்டு வந்தா தலையப் புடிச்சிக்கிட்டு உக்காந்துடுவா. நான் மாத்திரை வாங்கிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் அழைத்தார். யாரும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அவர் மனைவி தலைக்குக் குளிக்கிற நாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் படியில் தடுமாறி இறங்கி ஓடினார். வேதநாயகியும் பின்னால் ஓடினாள். இரண்டு சந்து தாண்ட வேண்டும். அந்த இரண்டு சந்தும் முடியவே முடியாது போலிருந்தது.

அவர் மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. இன்னும் குளிக்கவில்லை. முனிராஜ் அவளை ஏறிட்டுப் பார்த்தபடி ஒரு நிமிடம் வாசலில் நின்றார். உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்துத் தன் வீட்டு வென்டிலேட்டர் பலகையை உடைத்தார்.

அடுத்த மூன்று நாளில் ஏழு வீடுகளில் பலகையை எடுத்துவிட்டு, கீசரை வெளிச்சுவருக்கு மாற்றினார். வேதநாயகி வீடும் கீழ்வீடும் அந்த ஏழில் அடக்கம். கம்பெனியிலிருந்து புது ரூல் வந்திருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னார். அவளிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. தர்ஷினிக்குத்தான் கோபம். "அவரு தப்புன்னு ஒத்துக்கவே இல்லயேம்மா" என்றாள். மாற்றிவிட்டாரே, அது போதும் என்றாள் வேதநாயகி.

மீதி இரண்டு வீட்டுக்காரர்கள் மறுத்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு நாளில் மனம் மாறினார்கள். தெருக்கோடியில் தனியாக இருந்த டொமினிக் என்ற ரிட்டயர்டு மனிதர் மட்டும், குளிர் ஆகாது, இருப்பது இருக்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டார். வேதநாயகி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் கேட்டைத் தட்டினாள். உள்ளங்கை வேர்த்து, வாய் குழறி, பாதியும் சொல்ல முடியவில்லை. அவர் சத்தம் போட்டு அனுப்பினார். மறுநாளும் போனாள். அதற்கு அடுத்த நாளும் போனாள்.

நாலாம் நாள் அவர் கதவை முழுசாகத் திறந்தார். "தினம் வந்து நிக்கிறியேம்மா. உனக்கு இதுல இன்னா லாபம்?"

"லாபம் ஒண்ணும் இல்லீங்க. ராத்திரி தூக்கம் வரல."

டொமினிக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் பார்த்தார். தெருவில் முனிராஜ் தோளில் ஏணியோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது.

"அர மணி நேர வேலைதான் சார்" என்றார் முனிராஜ்.

டொமினிக் வழி விட்டார்.