ஸ்லோவில் நிற்காத ஜீப்

மேஸ்திரி பெல்ட்டால்தான் அடிப்பார். இடுப்பில் கட்டும் பெல்ட் இல்லை. ஜீப் எஞ்சினில் விசிறியைச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட். அறுந்துபோன ஒன்றை எடுத்து, ஒரு முனையில் சாக்குக் கயிறு சுற்றிக் கைப்பிடி செய்து வைத்திருந்தார். பட்ட இடத்தில் தோல் கிழியாது. தடித்து எழும்பும், பிறகு கறுத்துக் கிடக்கும். என் முதுகிலும் ஒருமுறை விழுந்திருக்கிறது. என் மச்சான் மேல் எத்தனை முறை விழுந்தது என்று நான் எண்ணியதில்லை. எண்ணினால் எனக்குச் சோறு இறங்காது.

அறுபதுகளில், போர்ட் பிளேரிலிருந்து தள்ளி, வண்டூர்ப் பக்கம் காட்டில் மரம் வெட்டும் ஒரு கேம்ப் அது. முதலாளியான காண்ட்ராக்டர் மெயின்லாண்டில் இருந்தார். இங்கே எல்லாம் மேஸ்திரி கையில். அவர் மதுரைப் பக்கத்துக்காரர், தீவுக்கு வந்து வருஷக்கணக்கானதால் பாதி இந்தியிலேயே திட்டுவார். மச்சான் என்பது என் அக்கா புருஷன், கேம்பின் மெக்கானிக். நான் ஜீப் டிரைவர். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அந்த வேலை பெரிய வேலை. எங்கள் இரண்டு குடும்பமும் தூத்துக்குடியிலிருந்து மெட்ராஸ் போய்க் கப்பலேறி வந்தவை. வரும் வழியில், புயலில், கப்பலின் அடித்தட்டிலேயே அக்காவுக்கு முதல் பிள்ளை கலைந்துபோனது. இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள்.

ஜீப்பின் பேட்டரியில் செல்ஃப் எடுக்கிற வலு போய்விட்டிருந்தது. புதுசு மெட்ராஸிலிருந்து வரவேண்டும். ஒவ்வொரு கப்பலிலும் பேட்டரி தவிர மற்றதெல்லாம் வந்தது. அதனால் காலையில் முன்னால் இரும்பு ஹேண்டில் போட்டுச் சுற்றி எஞ்சினை எழுப்பினால், சாயந்திரம்வரை அணைக்க மாட்டோம். கப்பல் வரும் ஜெட்டியில் நின்றாலும், ரேஷன் கடையில் நின்றாலும், வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஸ்லோவில் ஓடிக்கொண்டே நிற்கும். தீவில் பாதி வண்டிகள் அப்படித்தான். ஸ்லோவில் நிற்காத வண்டி எங்களுக்கு வண்டியே இல்லை.

அந்த மழைக்காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் தேய்ந்துபோனது. எந்த நேரத்தில் எந்த சிலிண்டருக்குக் கரண்டு போகவேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது அதுதான். எஞ்சினுக்கு மூளை மாதிரி. புதுசு கப்பலில் வந்தது. மச்சான் மாட்டினார். வண்டி எழும்பியது, ஆனால் ஸ்லோவில் விட்டால் உடம்பெல்லாம் உதறி, டப் டப்பென்று துப்பி, அணைந்துபோனது. கார்புரேட்டர் திருகைத் திருகிப் பார்த்தார். பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தார். பாயிண்ட் இடைவெளியைச் சரிபார்த்தார். ஒயர்களை இடம் மாற்றி, பிறகு பழையபடி மாற்றினார். ஒவ்வொரு தடவையும் ஹேண்டில் போட வேண்டும். நேரம் தப்பி வெடிக்கிற எஞ்சினில் ஹேண்டில் திருப்பி அடிக்கும். ஒத்தாசைக்கு வந்த, மரம் வெட்டும் ராஞ்சிக்காரக் கூலி ஒருவருக்கு அடித்து மணிக்கட்டு வீங்கி, அவர் மண்ணில் உட்கார்ந்து கையைத் தொடைக்கு நடுவே அழுத்திக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். மேஸ்திரி அவரைத் தாண்டி வந்துதான் மச்சானை அடித்தார்.

"சாலா, பழசுலயாவது ஓடுச்சு. புதுசப் போட்டதும் நிக்க மாட்டேங்குது. நீ மெக்கானிக்கா, மீன்காரனா?"

"பாத்துட்டுத்தான் இருக்கேன் அண்ணாச்சி."

"என்னத்தப் பாக்கற? மொதலாளி கப்பல்ல வர்றாரு. அவரக் கூட்டியார வண்டி ஜெட்டில நிக்கணும். நிக்கல, அதே கப்பல்ல உன்னையும் உன் பொண்டாட்டியையும் ஏத்தி விட்டுருவேன். சமஜ் கயா, புரியுதா?"

மச்சான் குனிந்து ஸ்பானரை எடுத்தார். பெல்ட் தோளில் விழுந்தது, பிறகு முழங்கையில். ஸ்பானர் கைநழுவிக் காலில் விழுந்தது. மேஸ்திரி அதையும் எட்டி உதைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பருவத்தில் கடல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அக்காவை மறுபடி அடித்தட்டில் படுக்கவைத்தால் என்ன நடக்கும் என்று என் மனசு அதுபாட்டுக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. மேஸ்திரி சொன்னதைச் செய்கிறவர். முன்பு ஒரு தெலுங்கு ஃபிட்டரைக் காதில் ரத்தம் ஒழுக ஒழுகக் கப்பலில் ஏற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை மழை விட்டு விட்டுப் பெய்தது. மச்சான் ஒரு தார்ப்பாயை எடுத்து, திறந்த பானெட் மேல் போர்த்தினார். "மாப்ள, ஹேண்டில் போடு. பெருவிரல மத்த விரலோட சேத்து வை, சுத்திப் பிடிச்சா, கை போச்சு" என்றார். போட்டேன். எஞ்சின் உதறிக்கொண்டு எழுந்தது. ஆக்ஸிலேட்டரில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் தார்ப்பாய்க்குள் தலையை விட்டோம். உள்ளே இருட்டு, பெட்ரோல் வாடை, சூடு.

"பாருலே. மூடி மேல."

டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஒயர் செருகுகிற குமிழ்கள் உண்டு. ஒரு குமிழிலிருந்து இன்னொன்றுக்கு நீலமாக மினுக் மினுக்கென்று ஏதோ ஊர்ந்தது. ராக்கடலில் வலை இழுக்கும்போது மினுங்குமே, அது மாதிரி. மச்சான் விரலை நீட்டினார். கரண்டு அடித்த அடியில் அவர் தலை பானெட்டில் மோதி, என் மூக்கிலும் இடித்தது. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, வெளியே வந்து எஞ்சினை அணைத்து, மூடியைக் கழற்றினார். உள்ளேயும் வெளியேயும் துணியால் துடைத்தார். துணி கறுப்பாக வந்தது. மூடியும் கறுப்புதானே, அதில் கரி படிந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? துணியை முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்கில் வைத்தார். டீசல் புகை.

"எந்த அடுப்புன்னு தெரியுதா?"

தெரிந்தது. முன்பு யாரோ டிரைவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போர்ட் பிளேருக்குப் பயாஸ்கோப் பார்க்கப் போய்விட்டார்களாம். அன்றிலிருந்து சாயந்திரமானால் எல்லா வண்டியின் மூடியையும் கழற்றி மேஸ்திரி வீட்டில் கொடுத்துவிட வேண்டும். மூடி இல்லாமல் வண்டி எழும்பாது. ஈரம் போகட்டும் என்று அவர் அவற்றை அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டுவார். இந்த மழையில் விறகு நனைந்து பற்றாததால் அந்த அடுப்பில் கழிவு டீசல் ஊற்றித்தான் எரித்தார்கள். புது மூடியையும், கப்பல் ஈரம் பிடித்திருக்கும் என்று சொல்லி, பார்சல் பிரித்த கையோடு வாங்கிக்கொண்டு போய் மாட்டியிருந்தார். கரியில் கரண்டு ஓடும் என்று கேம்பில் யாருக்கும் தோன்றவில்லை. மச்சானுக்கும்தான்.

பெட்ரோலில் கழுவித் துடைத்து, வெறும் காற்றில் உலர்த்தி மாட்டினார். ஹேண்டிலை அவரே போட்டார், ஒரே சுற்றில் எழும்பியது. கட்டையை எடுத்தார். வண்டி உதறவில்லை. மட்கார்டு மேல் கிடந்த நட்டு ஒன்று அசையாமல் இருந்தது.

"பாயிண்ட் கோளாறுன்னு சொல்லிரு மச்சான்" என்றேன்.

"சொன்னா? சாயந்திரம் மூடிய வாங்கி அங்கனயே தொங்க விடுவான். காலையில திரும்பத் துப்பும். பெறகு யாரக் கப்பல்ல ஏத்துவான், ஒன்னையா?"

சத்தம் கேட்டு மேஸ்திரி வந்தார். கூலிகள் ஏழெட்டுப் பேர் மழைக்கு ஷெட்டில் ஒதுங்கி நின்றார்கள். மணிக்கட்டு வீங்கியவரும் இருந்தார்.

"க்யா தா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மூடியில கரி. இனிமே அடுப்புக்கு மேல மாட்டாதீங்க. அவங்கவங்க வீட்டுலயே காயவச்சுக்கிடுவோம்."

"ஓஹோ. அப்ப தப்பு என் மேல."

"தப்புன்னு சொல்லல அண்ணாச்சி. கரின்னுதான் சொன்னேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சின்னச் சிரிப்புதான். மேஸ்திரி திரும்பிப் பார்க்காமலே பெல்ட்டை வீசினார். அதுவரை முகத்தில் அடித்ததில்லை. கன்னத்திலிருந்து கண் ஓரம்வரை விழுந்தது. மச்சான் ஒரு கையால் கண்ணைப் பொத்தினார். இரண்டாவது அடி பொத்திய கையின் மேல் விழுந்தது. "என் வீட்டு அடுப்பப் பத்தி நீ பேசுவியா? உன் பொண்டாட்டி எந்த அடுப்புல..." என்று ஆரம்பித்தார்.

முடிக்கவில்லை. மச்சானின் மற்றக் கையில் ஹேண்டில் இருந்தது. முதல் வீச்சை மேஸ்திரி வலது கையை உயர்த்தித் தடுத்தார். காய்ந்த கொப்பு முறிகிற சத்தம். இரண்டாவது தோளில், கழுத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. அவர் முட்டி போட்டுச் சாய்ந்தார். மூன்றாவதாக ஓங்கியபோது நான் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தேன். மச்சானின் முழங்கை என் வாயில் இடித்து, உதடு கிழிந்து, ஒரு பல் ஆடியது. கூலிகள் யாரும் நகரவில்லை. இத்தனைக்கும் நடுவே ஜீப் பக்கத்தில் பூனை மாதிரி சீராக உறுமிக்கொண்டு நின்றது.

மேஸ்திரியைத் தூக்கி ஜீப்பில் வைத்தோம். ஓட்டியது நான்தான். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு, சௌல்தாரி வழியாக, சேறும் குழியுமாக அந்த ரோடு. ஒவ்வொரு குழிக்கும் அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. செத்தால் மச்சானுக்குத் தூக்கு. பிழைத்தால் ஜெயில், அக்காவுக்குக் கப்பல். எது நடக்க வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் எல்லா மாதாவையும் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு முடித்ததும் ஒரு கான்ஸ்டபிள் வந்து, எப்படி நடந்தது என்று இந்தியில் கேட்டார். "கைசே ஹுவா?"

மேஸ்திரி கூரையைப் பார்த்தபடி, "ஹேண்டில் மாரா" என்றார்.

தீவில் ஹேண்டில் அடித்துக் கை முறிவது புதுசில்லை. ஆனாலும் கான்ஸ்டபிள் தோளையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏக் ஹேண்டில், தோ ஜகா?" ஒரே ஹேண்டில் இரண்டு இடத்திலா என்றார்.

"என் கை. நான் சொல்றேன்ல."

கான்ஸ்டபிள் என் பக்கம் திரும்பி, கிழிந்த உதட்டைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

"எனக்கும் ஹேண்டில்தான் சார்" என்றேன்.

மேஸ்திரி அப்போதுதான் என்னைப் பார்த்தார். மெக்கானிக்கிடம் அடி வாங்கினேன் என்று எழுதிக்கொடுத்தால் அவர் மறுபடி அந்தக் கேம்பில் பெல்ட்டோடு நடக்க முடியாது. வேறு காரணம் எதுவும் அவர் முகத்தில் இல்லை.

திரும்பி வந்தபோது மச்சான் ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு கண் மூடிப்போயிருந்தது. தீவில் ஓடி எங்கே போவது? பக்கத்தில் அக்கா துணிமூட்டை கட்டி வைத்திருந்தாள். நான் சொன்னதை மச்சான் நம்பவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். அக்கா மூட்டையை அவிழ்க்காமல் அதன் மேலேயே தலைவைத்துப் படுத்துக்கொண்டாள்.

கப்பல் வந்தது. முதலாளியை நான்தான் கூட்டிவந்தேன். மேஸ்திரி எங்கே என்றார். ஹேண்டில் அடித்துவிட்டது என்றேன். "பாத்துப் போடக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு மரக்கணக்கைப் பேச ஆரம்பித்தார். எங்களை யாரும் கப்பல் ஏறச் சொல்லவில்லை.

மேஸ்திரி மாவுக்கட்டோடு திரும்பி வந்த காலையில் ஷெட்டில் வந்து நின்றார். மச்சான் தரையில் கிடந்த ஹேண்டிலைக் குனிந்து எடுத்தார், வண்டியை எழுப்பத்தான். மேஸ்திரி ஒரு அடி பின்னால் நகர்ந்தார். நகர்ந்தது அவருக்கே பிறகுதான் தெரிந்தது போல. அதற்கப்புறம் எங்கள் இரண்டு பேர் மேலும் கை வைத்ததில்லை. அடிப்பதை விட்டார் என்று சொல்ல மாட்டேன். இடது கையால் அடிக்கப் பழகிக்கொண்டார். எங்கள் பங்கும் சேர்ந்து ராஞ்சிக்காரர்கள் மேல் விழுந்தது.