அப்பாவின் ஹெரால்டும் பிய்ந்துபோன மரையும்

செய்தித்தாளில் ஆயில் சொட்டினால் ஒரு சத்தம் வரும். தண்ணீர் சொட்டுவது மாதிரி இருக்காது. கனமாக, நிதானமாக... தப்... தப்...

பதினைந்து வருடம் இருக்கும். ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை அந்தச் சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தேன். முந்தின நாள் அப்பா தன் பழைய ஹெரால்டு காருக்கு ஆயில் மாற்றியிருந்தார். அடியில் விரித்த பேப்பரை எடுக்கவில்லை. அதில் புது ஆயில் தேன் நிறத்தில் தேங்கிக்கொண்டிருந்தது.

படுத்துக் கையை நீட்டினேன். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் ஒரு பிளக் உண்டு. பழைய ஆயிலை வடிக்க அதைத்தான் கழற்றுவோம். தொட்டதுமே அது சும்மா சுற்றியது. அளவுக்கு மீறி முறுக்கியதில் உள்ளே இருந்த திருகு மரை மொத்தமும் பிய்ந்திருந்தது.

எனக்கு நம்ப முடியவில்லை.

அப்பாவுக்கு வேலையே மரைதான். படைத்துறைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் மரை வெட்டி, அளவு பார்த்தவர். ரிட்டையராக எட்டு மாதம் இருந்தது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது...

அப்பாவுக்கு சுகர். கொஞ்ச நாளாகக் கொதிக்கிற காபி டம்ளரை வெறும் கையால் பிடித்துக்கொண்டே பேசுவார். அம்மா "ஐயோ, சுடலையாங்க?" என்று பதறினால்தான் கீழே வைப்பார். சட்டை பட்டன் போட வெகுநேரம் ஆகும். விரல்கள் மரத்துப்போயிருக்கின்றன. எங்களிடம் சொல்லவே இல்லை.

"என்னம்மா, லீக்கா?" அப்பா பின்னால் வந்து நின்றார்.

"பிளக் மரை போயிருச்சுப்பா."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தாம்பா. நேத்து சாயங்காலம் லூஸா இருக்கோன்னு இன்னொரு தடவை டைட் பண்ணேன்."

நான் காரைத் தொடவே இல்லை.

"இன்ஜினியரிங் படிச்சு வேலைக்கு வேற போற! எங்க நிறுத்தணும்னு கையே சொல்லாது?"

தெருவே கேட்கும்படி திட்டினார். தலை குனிந்து நின்றேன். திட்டும்போது அவர் முகத்தில் பழைய அப்பா தெரிந்தார். அதுவே போதும் என்று தோன்றியது.

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து மெக்கானிக் பாபு அண்ணன் வந்தார். பிளக்கைப் பார்த்ததும், "இன்னா சார் இது, மரை மொத்தமும் பூட்ச்சே! யாரு முறுக்கினது?"

"எம்பொண்ணுதான்."

பாபு அண்ணன் என் கையைப் பார்த்தார். "பாப்பாவா? இந்தக் கையிலயா இவ்ளோ பலம் கீது?" என்று சிரித்தார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

சம்ப்பையே கழற்றி எடுத்தார். ஓட்டையைப் பெரிதாக்கி, புதிதாக மரை வெட்டி, உள்பக்கம் மரை உள்ள ஒரு இரும்பு புஷ்ஷை அதில் இறுக்கினார். உலோகத் துணுக்கு ஒன்றுகூட உள்ளே தங்கக்கூடாது என்று மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு முறை கழுவினார். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சம்ப்பைத் திரும்ப மாட்டியதும் பாபு அண்ணன் ஸ்பேனரை அவரிடம் நீட்டினார்.

"கடைசி டைட் நீயே வை சார். உன் கை மாரி வராது."

அப்பா வாங்கினார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு என்னிடம் கொடுத்தார்.

"நீதான கெடுத்த... நீயே பண்ணு."

அதற்குப் பிறகு அவர் ஸ்பேனரைத் தொடவில்லை.

ரிட்டையரானதும் வேப்பம்பட்டில் கட்டிய வீட்டுக்குப் போனோம். ஒரு நாள் செருப்புக்குள் ஆணி ஏறி, மாலை வரை தெரியாமல் நடந்திருக்கிறார். அந்தப் புண் ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மரத்துப்போனது எப்போலேருந்து?" அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். முதலில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே... காரை விற்றோம். போன வருடம் அப்பாவும் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் அம்மா சொன்னாள். "அன்னிக்கு பாபு போனதும் உங்கப்பா உள்ள வந்து அழுதாருடி. அவ காரைத் தொடவே இல்ல, எனக்காகத் திட்டு வாங்கிக்கிட்டு நிக்கிறான்னு."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரிய வேணாம்னாரு."

அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். அன்று அந்தப் பொய்யைச் சொல்லாமல், "கையைக் காட்டுங்கப்பா, டாக்டர்கிட்ட போலாம்" என்று சொல்லியிருந்தால்... அந்தக் கால் மிஞ்சியிருக்குமோ என்னவோ. இப்போது நினைத்து என்ன பயன்.

இப்போது மேனாம்பேட்டில் ஃப்ளாட். என் காரை சர்வீஸ்காரர்களே வந்து எடுத்துப்போகிறார்கள். ஆயில் மாற்றியாகிவிட்டது என்று மெசேஜ் வருகிறது. பானெட்டைத் திறந்துகூட நான் பார்ப்பதில்லை.

அம்மா என்னோடு இருக்கிறாள். அவளுக்கும் சுகர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்கிறேன்.

"தெரியுதாம்மா?"

"தெரியுதுடி."

"நெஜமா?"

"நெஜமாத்தான்டி..."

அடுத்த விரலைத் தொடுகிறேன்.