பீச்சே மூடு

எங்கள் அம்மாவுக்குப் பயம் வந்தால் தமிழ் மறந்துவிடும். பெரிய வாய்க்காலில் தண்ணீர் கரையை முட்டிக்கொண்டு ஓடும் நாட்களில் நானோ தம்பியோ அந்தப் பக்கம் கால் வைத்தால் போதும், வீட்டு வாசலிலிருந்து ஒரு சத்தம் வரும்: "பீச்சே மூடு!"

தம்பி குரலுக்குப் பயந்தே திரும்பிவிடுவான். நான் ஓடிப்போய்க் கோழிக்கூட்டை மூடுவேன். மூடு என்றால் மூட வேண்டியதுதானே! கோழிக்கூட்டுக்கு மலேயாவில் பீச்சே என்று பெயர் போலிருக்கிறது என்று நானாக முடிவுகட்டியிருந்தேன். அம்மா பிறந்தது அங்கேதான், ஒரு ரப்பர் தோட்டத்தில். ஜப்பான் சண்டை முடிந்து கப்பலேறி மார்க்கையன்கோட்டைக்கு வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டவள்.

அப்பாவைக் கேட்டால், "அது மலையாளந்தான்" என்பார். எங்கள் பக்கம் யாருக்கும் புரியாத வார்த்தை எதுவானாலும் மலையாளம்தான். குமுளியிலிருந்து ஏலக்காய் மூட்டையோடு வந்த சேட்டனிடம் கேட்டேன். "அது மலையாளம் அல்ல மோளே" என்று சிரித்தார். அம்மாவையே கேட்டால், "போய்ச் சோலியப் பாரு" என்பாள். எனக்கோ மண்டை குடைந்தது.

அறுபதுகளின் நடுவில் ஒருநாள், சின்னமனூரில் பையன்கள் காக்கி உடுப்பில் பரேடு பழகுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். வாத்தியார் தொண்டை கிழியக் கத்தினார்: "பீச்சே முட்!" அத்தனை பேரும் குதிகாலில் சுழன்று வந்த வழியைப் பார்த்து நின்றார்கள். கூட வந்த சிநேகிதி, "இந்திடி. பின்னாடி திரும்புன்னு அர்த்தம்" என்றாள். இந்தி வேண்டாம் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். என் அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது இந்தி?

அன்று சாயங்காலம் அம்மா புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு எனக்கு முன்னால் வரப்பில் போனாள். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "பீச்சே முட்!" என்றேன்.

கட்டு சரிந்து விழுந்தது. அம்மா குதிகாலில் திரும்பி, கைகளை விலாவோடு ஒட்டி, விறைத்து நின்றாள். நான் மிரண்டுபோனேன். அவள் சிரித்தபடி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"துப்பாக்கி புடிச்ச கைடி இது. வெள்ளைக்காரனை வெரட்ட அங்கன பொம்பளைகளுக்குன்னே ஒரு படை கட்டுனாக. ரப்பர் மரத்துல பால் வெட்டுன நாங்கள்லாம் சேந்தோம். உத்தரவெல்லாம் இந்தியிலதான். பர்மாக் காடு வரைக்கும் போனோம்."

"ஏம்மா இத்தனை நாளாச் சொல்லல?"

"ஊர்ல சொன்னா ஆளாளுக்குக் கதை கட்டுவாக."

"யாரையும் சுட்டியா?"

"எங்கிட்டுச் சுட? முன்னாடி போகத் துடிச்சுக்கிட்டு நிக்கிறோம், பீச்சே மூடுன்னுட்டாக. எல்லாரும் மண்ணுல விழுந்து அழுதோம்."

"அப்படி அழ வச்ச வார்த்தைய எங்ககிட்ட ஏன் சொல்ற?"

அம்மா சிதறிய புல்லைக் கூட்டிக் கட்டினாள். "எங்களுக்கு முன்னாடி போனவக முக்காவாசிப் பேரு திரும்பவே இல்லத்தா. அந்த வார்த்தை காதுல விழுந்ததாலதான் நான் வீடு வந்து சேந்தேன்."

அதற்குப் பிறகு அவள் கத்தினால் நான் கோழிக்கூட்டுக்கு ஓடியதில்லை. நின்ற இடத்திலேயே திரும்பி, அவள் முகத்தைப் பார்த்தேன்.