கறிக்கு மூன்று அருள் நிறைந்த மந்திரம்

எங்கள் வீட்டில் அப்போது கடிகாரம் கிடையாது. சாந்தோமில் கோவில் மணி காதில் விழுகிற தூரத்தில் குடியிருந்தோம். பூசைக்குப் போகவும் வேலைக்குக் கிளம்பவும் அந்த மணியே போதும். அடுப்படியில் ஆகும் சின்ன நேரங்களுக்கு மந்திரம்தான் அளவு. முட்டை வேகச் செபமாலையில் ஒரு பத்து, அதாவது பத்து மந்திரம். சீனாக்காரர் பக்குவத்தில் அவசரமாகச் செய்யும் மாட்டுக்கறிக்கு மூன்றே மூன்று அருள் நிறைந்த மந்திரம், 'அருள் நிறைந்த மரியாயே' என்று தொடங்கும் தேவமாதா செபம்.

இந்தக் கடைசிக் கணக்கு நானாகப் போட்டது. என் மகள் சிறு குழந்தையாக இருந்தபோது மூன்று வருஷம் ரங்கூன் கப்பலில் பாத்திரம் தேய்த்தேன். சமையல்காரர் ஒரு சீனர். கறியைக் காகிதம் மாதிரி அரிந்து, புகையக் காய்ந்த சட்டியில் போட்டு, வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டே புரட்டுவார். அவர் எண்ணுவது எனக்குப் புரியாது. பக்கத்தில் நின்று மனசுக்குள் மந்திரம் சொல்லிப் பார்த்தேன். எனக்கு மூன்று முடியும்போது அவருக்கும் எண்ணி முடியும். பீன்ஸ், காரட்டுக்கு ஐந்து. கோஸுக்கு இரண்டு. ஒரு நாளும் தப்பியதில்லை. கப்பல் வேலையை விட்டு மயிலாப்பூரில் ஓர் அச்சாபீஸில் பைண்டிங் வேலைக்குச் சேர்ந்தபோது, நான் கொண்டுவந்த ஆஸ்தி ஓர் அகலக் கத்தியும் இந்தக் கணக்கும்தான். கப்பலிலேயே தங்கிவிட்ட சிநேகிதன் ஒருவன் வருஷத்துக்கு ஒரு புட்டி சோயா சாஸ் கொண்டுவந்து கொடுப்பான்.

என் மனைவிக்கு அது 'கறுப்புத் தண்ணி'. அவள் ஞாயிற்றுக்கிழமைக் கறி இரண்டு மணி நேரம் வேகும். தேங்காய்ப் பல் போட்டு, மல்லியும் மிளகும் வறுத்து அரைத்து, விறகைத் தள்ளித் தள்ளி எரித்து, கறி நாராகப் பிரியும்போதுதான் இறக்குவாள். காய் பல்லில் நறுக்கென்று கடிபட்டால் அவளைப் பொறுத்தவரை அது சமைக்காத காய். அதனால் அவள் சைதாப்பேட்டையில் தன் தங்கை வீட்டுக்குப் போகிற நாள்களில்தான் எங்கள் சீனச் சமையல் நடக்கும். நான் சட்டியைப் புரட்டிக்கொண்டே மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்வேன். மறுபாதியை மகள் சொல்வாள். செபமாலையில் சொல்கிறபடியே. அது பழக்கமாகிவிட்டது.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு வயதில் அம்மை வார்த்தது. சர்வேசுரன் உயிரைத் திருப்பித் தந்தார். கன்னத்திலும் நெற்றியிலும் வடு நின்றுவிட்டது. வயது இருபத்திரண்டு ஆகியும் கல்யாணம் கூடவில்லை. இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி குடிப்பார்கள், பழம் எடுத்துக்கொள்வார்கள். பெண் பிடித்திருந்தால்தான் சோற்றில் கை நனைப்பார்கள். கை நனைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. வந்த இரண்டு கூட்டமும், இன்னொரு நாள் ஆகட்டும் என்று சொல்லி எழுந்துவிட்டது. சமைத்த சோற்றை அந்த இரண்டு நாளும் நாங்கள் மூன்று பேருமே தின்று தீர்த்தோம்.

இரண்டாம் கூட்டம் போன மறுநாள், நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மகள் துண்டோடு வந்து நின்றாள்.

"இன்னொரு வாட்டி யாராவது வந்து கை நனைக்காம போனா, என்ன மடத்துல விட்டுடு நைனா. அங்க சமையக்கட்டுல இருந்துக்கறேன்."

அவள் அழவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. தேவ அழைத்தல் என்று வந்திருந்தால் இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்திருப்பேன். கன்னியாஸ்திரீகள் மடத்துக்குப் பெண் கொடுக்க யாருக்குக் கிடைக்கும் அந்தப் பாக்கியம்? ஆனால் இது அழைத்தல் இல்லை. முகத்தை ஒளித்துக்கொள்ள ஓர் இடம் கேட்கிறாள். அதற்குத் தேவமாதாவின் பெயரைச் சொல்லலாமா? அவளுக்கு நல்ல இடம் அமைய ஒன்பது சனிக்கிழமை பூசை காண்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

ஏழு சனிக்கிழமை முடிந்தபோது மூன்றாவது இடம் வந்தது. மாப்பிள்ளை செங்கல்பட்டில், ரயில் இஞ்சினுக்குக் கரி தள்ளும் ஃபயர்மேன். அவருக்கு டூட்டி, அம்மாவும் அம்மாவின் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாம்பலம் பக்கம் தினம் ஒரு புது வீடு எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நம் வீட்டில் ஒரு நல்ல காரியம் எழும்பாதா என்று நினைத்துக்கொண்டே அன்று பூசையிலிருந்து திரும்பினேன். மத்தியான மணி அடித்துச் சம்மனசு செபம் சொல்லி எழுந்தோம். வாசலில் ஜட்கா வந்து நின்றது. சாந்தோம் கோவிலிலேயே பூசை கண்டுவிட்டு நேராக வந்துவிட்டார்களாம்.

சோறு மட்டும் ஆகியிருந்தது. கறி வாங்கி வந்தபடி வாழையிலையில் கிடந்தது. காய் கூடையில் இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா என் மகள் கொடுத்த காப்பியை வாங்கிக் குடித்தார். நல்ல மரியாதை. படிக்கத் தெரியுமா, தையல் தெரியுமா என்று இரண்டு கேள்வி கேட்டார். மகள் பதில் சொல்லும்போது அவர் பார்வை அவள் கன்னத்தில் நின்றது, பிறகு சுவரில் இருந்த தேவமாதா படத்துக்கு நகர்ந்தது. அந்த நகர்வை நான் முன்பே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். ஜட்காக்காரனைக் காத்திருக்கச் சொல்லியிருந்ததும் எனக்கு நல்லதாகப் படவில்லை. குதிரை வாசலில் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர் எழுந்தார். இரண்டு மணி வண்டிக்குச் சைதாப்பேட்டை ஸ்டேஷன் போக வேண்டும் என்றார். என் மனைவி கையைப் பிசைந்துகொண்டு, சோறு ஆகிவிட்டது, கறிதான் பாக்கி என்றாள்.

"மாட்டுக்கறி வேகறதுக்குள்ள வண்டி செங்கல்பட்டே போய் சேர்ந்துடும்மா. இன்னொரு நாள் ஆவட்டும்."

அதே வார்த்தை. மகள் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் நிமிர்ந்த முதுகைப் பார்த்தேன். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"கால் மணி இருங்கம்மா. கால் மணியில கறி ஆயிடும்."

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே உறைத்தது. வேக நேரம் இல்லை என்று ஒருவர் சாக்குச் சொல்லும்போது, நேரம் ஆகாது என்று பதில் சொல்லிவிட்டேன். அவர் தம்பி, "கால் மணிதானே அக்கா" என்று திரும்பவும் உட்கார்ந்துவிட்டார்.

அடுப்படிக்குள் என் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னாங்க இது? அந்தக் கறுப்புத் தண்ணிக் கறியா? இருக்கிற மானத்தையும் வாங்கப் போறீங்க" என்றாள், குரல் எழாமல். கரியடுப்பை மட்டும் நன்றாக விசிறு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். திட்டிக்கொண்டேதான் விசிறினாள். ஆனால் அன்றைக்கு விசிறின மாதிரி அவள் என்றைக்கும் விசிறியதில்லை.

நான் கறியை நார் ஓடும் பக்கத்துக்குக் குறுக்கே, மெலிசாக அரிந்தேன். பைண்டிங் வேலை செய்த கைக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. கொஞ்சம் சோயா சாஸ், ஒரு கரண்டி ஆரோரூட் மாவு, துளி எண்ணெய் விட்டுப் பிசறி வைத்தேன். மகள் அரிவாள்மணையில் பீன்ஸையும் காரட்டையும் சாய்வாக நறுக்கினாள், கோஸைப் பட்டையாக. இஞ்சி, பூண்டு தட்டினாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. எனக்காகச் செய்கிறாள், நம்பிக்கையால் இல்லை என்று தெரிந்தது.

இரும்புச் சட்டி காய்ந்து நல்லெண்ணெய் புகைந்தது. கறியில் பாதியைப் போட்டேன். மொத்தமாகப் போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு வேகும், வதங்காது. சட்டி சீறியது. வழக்கப்படி மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்லிவிட்டு மகளுக்காக நிறுத்தினேன்.

அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கிணற்றடியில் வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. மந்திரம் பாதியில் தொங்கியது. கறி சட்டியில் துடித்துக்கொண்டிருந்தது. அடுத்த பாதியை நானே சொல்லியிருக்கலாம். அவள் முகத்தையே பார்த்தபடி கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அடுப்படி வாசலிலிருந்து மறுபாதி வந்தது.

அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். கால் மணியில் ஆகிற கறி என்ன கறி என்று பார்க்க வந்திருப்பார். முதல் பாதியைக் காதால் கேட்டுவிட்டால் மறுபாதியைச் சொல்லாமல் இருக்க எங்கள் ஜனத்தில் யாராலும் முடியாது. பால்குடி நாளிலிருந்து வாயில் ஏறியது அது. சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கோவிலில் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொல்லி முடித்தார். நான் இரண்டாவதைத் தொடங்கினேன். அவர் முடித்தார். மூன்றாவதில் என் மகள் குரலும் சேர்ந்தது. கறியைத் தட்டில் எடுத்துவிட்டு மீதிப் பாதியைப் போட்டேன். மறுபடியும் மூன்று. பிறகு இஞ்சி, பூண்டு. பீன்ஸுக்கும் காரட்டுக்கும் ஐந்து. கோஸுக்கு இரண்டு. அதற்குள் அவர் உள்ளே வந்து, வியர்த்துப் போயிருந்த என் மனைவி கையிலிருந்து விசிறியை வாங்கியிருந்தார்.

கறியைத் திரும்பக் கொட்டி, மிளகுத்தூள் தூவி, ஒரு கரண்டி சோயா சாஸும் சொட்டுப் புளிப்புக் காடியும் விட்டு இரண்டு புரட்டுப் புரட்டி இறக்கினேன். எதற்கு மந்திரம் என்று அவர் கேட்டார். கப்பல், சீனர், எண்ணிக்கை எல்லாம் சொன்னேன். சிரித்தார். வெந்ததா என்று பார்க்க ஒரு துண்டை எடுத்து ஊதி வாயில் போட்டார். பிறகு என்னிடம் பேசவில்லை. மகளிடம் பேசினார்.

மகனுக்கு இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் அரை மணிதான் கிடைக்குமாம். எந்த நேரத்தில் கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம். கரி அப்பின முகத்தோடு வந்து, விடிகாலையில் ஆக்கி வைத்த ஆறின சோற்றைத் தின்றுவிட்டு ஓடுவானாம். சுடச்சுட ஒரு வாய் போட முடியாமல் மனசு கிடந்து அடித்துக்கொள்ளுமாம்.

"இத நீ தனியா செய்வியாம்மா?"

"செய்வேன் அத்தை. கறிய மட்டும் முன்னாடியே நறுக்கி வச்சிக்கணும்."

அத்தை என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உணர்வு வந்தது. காதுவரை சிவந்து என் மனைவியின் பின்னால் ஒதுங்கினாள். உரிமை வராமல் அழைத்துவிட்ட சொல் அது. நான் வெந்த கறியையே கரண்டியால் கிளறிக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் அவளைத் திருத்தவில்லை. கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தம்பி, அந்த ஜட்காவ அனுப்பிடு. சாயங்கால வண்டில போலாம்."

"அப்ப கைய கழுவிக்கலாமா அக்கா?" என்றது கூடத்திலிருந்து. "பூசையிலேந்து பசிச்சிக்கினு கீது. நீ எழுந்தப்பவே எனக்கு உயிர் போச்சு."

என் மனைவி இலை போட ஓடினாள். நான் கொல்லைப் பக்கம் போய், கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு காலமாகவோ மூச்சை முழுசாக விடாமலே இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. வாசலில் ஜட்கா திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

இருவரும் இலையில் உட்கார்ந்து, சிலுவை போட்டுக்கொண்டு, சோற்றில் கை வைத்தார்கள். தம்பி மூன்று தடவை கறி கேட்டார். சாப்பிட்டு முடித்து மாப்பிள்ளையின் போட்டோவை எடுத்துக் காட்டினார்கள். மகள் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

கிளம்பும்போது அந்த அம்மாள் என் மனைவியைத் தனியாக அழைத்துப் பேசினார். மனைவி பிறகு என்னிடம் சொன்னாள்.

"மொகத்த பாத்துட்டுதான் எழுந்தேன். காலைல பூசையில நன்மை வாங்குன வாயால பொய் சொல்லக் கூடாது. அந்தக் கொழந்த மந்திரம் சொல்ல முடியாம நின்னுச்சு பாரு, அதுக்கப்பறம் வாசப்படி தாண்ட எனக்கு மனசு வரல" என்றாராம்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னார். அப்படிப்பட்டவர் வீட்டில் மகள் பயமில்லாமல் இருப்பாள் என்று நிம்மதிதான் வந்தது. மிச்சமிருந்த இரண்டு சனிக்கிழமைப் பூசையையும் நன்றியாகக் கண்டேன்.

அவர்கள் வந்து போன அன்று சாயங்காலம் மணி அடித்ததும் மூவரும் முழங்காலிட்டோம். நான் முதல் பாதியைச் சொன்னேன். மறுபாதியில் மகள் குரல் தடையில்லாமல் தெளிவாக வந்தது. செபம் முடிந்து அவள் விளக்கேற்றப் போனாள். அடுப்படியில் என் மனைவி, சட்டியில் ஒட்டியிருந்த மிச்சக் கறியோடு ஒரு கை சோற்றைப் போட்டுப் புரட்டி, நின்றபடியே தின்றுகொண்டிருந்தாள். அத்தனை வருஷத்தில் அதை அவள் வாயில் வைத்தது அன்றுதான். காரட் ஒன்று நறுக்கென்று கடிபட்டது எனக்கே கேட்டது.

"வெந்துதான் கீது" என்றாள். இன்னொரு வாய் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, "கறிக்கு எத்தினின்னு சொன்னீங்க?" என்றாள்.

"மூணு" என்றேன்.