மீட்டரில் வராத காற்று

லூர்துமேரி பதினோரு வருஷம் புதுச்சேரியில் ஒரு சைக்கிள் ஷோரூமில் வேலை பார்த்துவிட்டு, மூன்று வருஷமாகத் திண்டிவனத்தில் மரக்காணம் சாலையில் சொந்தக் கடை வைத்திருந்தாள். கியர் சைக்கிளில் குலுக்கலைத் தாங்கும் காற்றடைத்த ஷாக்கைப் பிரித்து ரப்பர் வளையம் மாற்ற அந்தப் பக்கத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது. அதற்கான கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தாள்: மீட்டர் வைத்த கைப்பம்பு, தண்டைக் கீறாமல் பிடிக்கும் அலுமினியக் கட்டை, ஷாக்கின் வெளிக்குழாயைச் சுற்றிப் பிடித்துத் திருகும் பட்டைச் சாவி. காற்றை முழுக்க இறக்காமல் குழாயில் கை வைத்ததே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை தென்னரசு கொண்டுவந்த சைக்கிள்தான் அவளைக் குழப்பியது. அவர் கணக்கு வாத்தியார். ஞாயிறு தவறாமல் திருவக்கரை வரை ஓட்டுகிறவர். பின்பக்க ஷாக் பாதி நீளத்துக்கு அமுங்கி அப்படியே நின்றுவிட்டது.

கழற்றி எடுத்துப் பம்பை மாட்டினாள். முள் பூஜ்யத்தில் கிடந்தது. வால்வை அழுத்தினாள். ஒரு மூச்சுகூட வரவில்லை. காற்றில்லாத ஷாக்கைக் கையாலேயே இழுத்து நீட்டிவிடலாம். இதுவோ தென்னரசு ஒரு முனையும் அவள் ஒரு முனையுமாக இழுத்தும் அசையவில்லை. உள்ளே யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போலிருந்தது.

"ஆயில் காஞ்சி ஒட்டிக்கினு இருக்கும்க்கா. தொறந்துடுங்க" என்றார் தென்னரசு.

ஷாக்கை மேஜையிலிருந்த வைஸ் இடுக்கியில் இறுக்கி, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பட்டைச் சாவியைச் சுற்றினாள். பிடியில் கை வைத்ததோடு சரி, திருக மனம் வரவில்லை.

"இன்னாம்மா யோசிக்கிற?" என்று பக்கத்து வெல்டிங் கடை விருத்தாசலம் எட்டிப் பார்த்தார். "லேசா சூடு காட்டுனா தானா உட்டுடும். கேஸ எடுத்தாரட்டா?"

"வேணாம்ண்ணே."

"ஏன், காத்துதான் இல்லைன்றியே?"

"இல்லதான். ஆனா வேணாம்."

காரணம் கேட்டால் அவளிடம் இல்லை. காற்று இல்லையென்றால் எது பிடித்திருக்கிறது? இருக்கிறதென்றால் மீட்டர் ஏன் சும்மா கிடக்கிறது?

கடைசியில் சென்னை சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டாள். அமலா என்ற மெக்கானிக் பேசினாள். அமுங்கின ஷாக், பூஜ்யம் என்று கேட்டதுமே அவள் குரல் மாறியது.

"பட்டைய மெதுவா எடுத்துடுங்கக்கா. திருகாதீங்க, சூடும் காட்டாதீங்க. உள்ள ரெண்டு அறை. நடுவுல இருக்கற வளையம் கிழிஞ்சு காத்து மொத்தமும் கீழ் அறைக்குப் போயிருக்கு. வால்வு மேல் அறைக்குத்தான், அதான் மீட்டர்ல வரல. திருகியிருந்தீங்கன்னா குழா தெறிச்சு மூஞ்சிலயே அடிச்சிருக்கும்."

லூர்துமேரி பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுத்தாள். விருத்தாசலம் தன் கடைக்குப் போய்விட்டார்.

அமலா சொன்னபடி, வழியில் வெடித்தாலும் தெறிக்காதிருக்க ஷாக்கைத் தடித்த இரும்புக் குழாய்க்குள் செருகிக் கட்டி, வியாழக்கிழமை தென்னரசின் காரில் இருவருமாகச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அமலா அதை ஒரு கம்பிக் கூண்டுக்குள் பூட்டி, வெளியே நின்று நீளமான சாவியால் திருகினாள். பட்டாசு மாதிரி வெடித்துக் குழாய் கூண்டில் மோதியது. தென்னரசு இரண்டடி பின்னுக்குப் போனார்.

வெளியே எடுத்த வளையத்தில் முடி அளவுக்கு ஒரு கீறல். அவ்வளவுதான். அமலா அட்டையில் படம் போட்டு இரண்டு தடவை விளக்கினாள். லூர்துமேரி இரண்டு தடவையும் தலையாட்டினாள்.

திரும்பும்போது மேல்மருவத்தூர் தாண்டியதும் தென்னரசு கேட்டார். "அந்த இத்தினூண்டு கீறல்ல போன காத்து, அதே வழியா ஏன்க்கா திரும்பி வரல?"

அவள் மடியிலிருந்த அந்த வளையத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"தெரியல சார். அந்தப் பொண்ணு சொல்றப்ப புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றாள்.