யோகராஜின் பதினைந்து வாட் ஆம்ப்

எங்கள் தீவின் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எனக்கு மேல்வீட்டுக்காரர் யோகராஜ் அண்ணன். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பலுக்குக் கயிறு பிடிக்கிற வேலை. கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். வாலிபத்தில் ஒரு பாட்டுக் குழுவில் எலக்ட்ரிக் கிதார் வாசித்தார். கேட்க வந்த சித்ராவையே கட்டிக்கொண்டார். குழு கலைந்தபோது, கிதார் சத்தத்தைப் பெருக்கிக் காட்டும் ஆம்ப் பெட்டி அதன் முதலாளியோடு போய்விட்டது. கிதார் மட்டும் இருபது வருடம் ஆணியில் தொங்கியது. ஆம்ப் இல்லாத எலக்ட்ரிக் கிதார் கொசு முனகுகிற மாதிரிதான் கேட்கும்.

போன வருடம் சித்ரா அண்ணிக்கு இடது காது போயிற்று. நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது, வலது காதும் ஒரு வருடம் தாங்காது, மெஷின் வைத்தாலும் பயனில்லை என்று மெயின்லேண்ட் டாக்டர் கையை விரித்துவிட்டார். ஊர் திரும்பியதும் அண்ணன் ஒரு சின்ன ஆம்ப்புக்குச் சொல்லிவிட்டார். காது முழுக்க அடைபடுவதற்குள் அவள் ஆசைப்பட்ட பாட்டையெல்லாம் வாசித்துக் காட்டிவிட வேண்டும். அந்த மனுஷனுக்கு வேறு நினைப்பே இல்லை.

பார்சல் கப்பலில் வந்து சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. இருக்கிற கொஞ்ச நாளிலும் இவ்வளவைத் தின்றுவிட்டதே என்று எனக்கு ஆத்திரம்.

நான் வயர்மேன். அதனால் மாட்டிக் கொடுக்கிற வேலை என் தலையில். முதலில் ஒரே இரைச்சல். பார்த்தால் அவர் வீட்டு ப்ளக்கில் எர்த் கம்பியே இல்லை. அதை இழுத்துக் கொடுத்ததும் அடங்கியது. வால்யூமைப் பாதியில் வைத்தேன். அண்ணி ஸ்பீக்கருக்கு ஒரு முழம் தள்ளி வலது காதைக் கொடுத்து உட்கார்ந்தார். அண்ணன் வாசிக்க வாசிக்க அண்ணி அழுதார். அன்றிலிருந்து தினமும் ட்யூட்டி முடிந்து வந்ததும் கச்சேரிதான்.

மழைக்காலத்தில் ஆம்ப் கரகரத்தது. "உப்புக்காத்து பிடிச்சிருக்குண்ணே, வயர் சொருகுற ஓட்டையத் தொடச்சு வைங்க" என்றேன். எதால் துடைப்பது என்று சொல்லவில்லை. அது என் புத்திகெட்டதனம். தீவுக்காரனுக்குத் துரு என்றால் மருந்து தேங்காய் எண்ணெய்தான். கீல், பூட்டு, சைக்கிள் செயின் எல்லாம் அதில்தான் உயிர் வாழ்கின்றன. அண்ணன் பட்ஸில் எண்ணெய் தொட்டு, ஹெட்போன் துளை உட்பட எல்லாத் துளையிலும் தாராளமாக விட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியிலிருந்து கூப்பிட்டார். "கணபதி, லைட்டு எரியுதுடா. சத்தம் பில்குல் இல்ல."

வயரை மாற்றினேன். வால்யூமை முழுக்கத் திருப்பினேன். ம்ஹூம். ஹெட்போனைச் சொருகிக் காதில் வைத்தால் கணீரென்று கேட்கிறது! அப்போது புரிந்தது. ஹெட்போனை உருவினால் சத்தத்தை ஸ்பீக்கருக்குத் திருப்பிவிட உள்ளே ஒரு சின்னத் தகடு உண்டு. எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து அது ஒட்டிக்கொண்டுவிட்டது. உருவிப் பார்த்தேன், ஸ்பீக்கர் ஊமை.

"நிறுத்தாதீங்க, வாசிச்சுட்டே இருங்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு ஆம்ப்பின் பின்பக்கம் குனிந்தேன்.

அதற்குள் அண்ணி டீயோடு வந்தார். சிவப்பு லைட்டைப் பார்த்தார், அண்ணனின் விரல்களைப் பார்த்தார், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். தொடையில் தாளம் போட்டார். தாளம் தப்பவே இல்லை. அறையில் கம்பியின் கொசு முனகல் தவிர ஒன்றும் இல்லை.

பாட்டு முடிந்தது. "இன்னைக்குத்தாங்க ரொம்பத் தெளிவாக் கேக்குது" என்றார் அண்ணி.

அண்ணன் கிதாரின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். முகம் தெரியாதபடி, மெதுவாகக் கேட்டார். "எப்பலேருந்து புள்ள?"

அண்ணி சிரித்த முகமாகவே இருந்தார். "அடுத்தது வாசிங்க" என்றார்.

நாளெண்ணி நாளெண்ணி வாசித்த மனுஷனிடம் அந்தக் காது எந்த நாளில் போயிற்று என்பதைக்கூட அந்த அம்மாள் சொல்லவில்லை. சொன்னால் அவர் உடைந்துபோவார் என்ற பயம்.

"பத்து நிமிஷ வேலைண்ணே. ஸ்பிரிட் விட்டுக் கழுவினா ஸ்பீக்கர் பேசிடும்" என்றேன்.

"யாருக்குடா?" என்றார் அண்ணன்.

அண்ணி அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டைத் தொடங்கினார்.